வெட்டிய பிறகும் வளரும் கண் சதை

எட்டு மாதங்களுக்கு முன் வலக்கண்ணில் அகற்றிய சதை மீண்டும் வளர்வதால், அது புற்றுநோயாக இருக்குமோ என்று அஞ்சி எழுதியிருக்கிறீர்கள். கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழி மேல் படரும், டெரிஜியம் எனப்படும் இந்தச் சதை திரும்புவதானால், பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள்ளேயே திரும்பும். அது இதன் இயல்பு, புற்றுநோயின் அடையாளம் அன்று. சதையை வெட்டிவிட்டு அந்த இடத்தைத் திறந்தே விட்டால் அதிகமாகவும், அதே கண்ணின் வெண்படலத்திலிருந்து மெல்லிய துண்டெடுத்து ஒட்டினால் வெகு குறைவாகவும் திரும்புகிறது. உங்களுக்கு எந்த முறையில் செய்தார்கள், அகற்றிய சதை திசுப் பரிசோதனைக்குச் சென்றதா என்பதை மருத்துவமனைச் சீட்டில் பாருங்கள். சதை வெண்மையாகத் தடித்தோ, கூழ் போலவோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது சதையின் முனை கண்மணியை நோக்கி நகர்கிறதா என்பதைத்தான். மாதம் ஒரு முறை, ஒரே வெளிச்சத்தில் கைபேசியில் படமெடுத்து ஒப்பிடுங்கள். திரும்ப வளரும் சதை முதலில் வந்ததைவிட வேகமாகப் பரவக்கூடியது. கருவிழியை இழுத்துப் பார்வையை மங்கச் செய்யும். கண்மணிக்கு நேரே தழும்பு விழுந்துவிட்டால், பிறகு சதையை அகற்றினாலும் அந்த மங்கல் முழுமையாக நீங்காது. ஆகவே முனை நகர்ந்தாலோ, பக்கவாட்டில் பார்க்கும்போது உருவங்கள் இரண்டாகத் தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கலங்க வைத்தது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மூன்று மாதங்களாக விட்டுவரும் ஸ்டீராய்டு சொட்டு மருந்துதான். அது சிவப்பை மறைக்குமே தவிர, சதையைக் கரைக்காது. ஆனால் வலியே இல்லாமல் கண் அழுத்தத்தை உயர்த்தி, திரும்பப் பெற முடியாத பார்வையைப் பறிக்கக்கூடியது. தயவுசெய்து இந்த வாரமே கண் அழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். இணையத்தில் சொல்லும் தேனும் மூலிகைச் சாறும் கண்ணுக்குள் போகவே வேண்டாம்.

உறுத்தலுக்குக் கண்ணை ஈரப்படுத்தும் சொட்டு மருந்து போதும். கைபேசி பார்ப்பதால் இது வளராது; பிள்ளைகளுக்குத் தொற்றவும் தொற்றாது.

மறு அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டாம். பார்வைக்கு ஆபத்தில்லாதவரை, சிவப்பு தணிந்த பின் செய்வதே நல்லது. நீங்கள் வேலை செய்யும் உப்பளத்தில் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை, வெண்ணிற உப்பிலிருந்தும் எதிரொளிக்கிறது. பக்கவாட்டில் நுழையும் புற ஊதாக் கதிர்களைக் கருவிழி வளைத்து மூக்குப்பக்க ஓரத்தில் குவிப்பதாலேயே சதை பெரும்பாலும் அங்கே முளைப்பதாகக் கருதப்படுகிறது. எனவே பக்கங்களையும் மூடும் புற ஊதாத் தடுப்புக் கண்ணாடியும் அகன்ற தொப்பியும் இன்றி இனி அங்கே இறங்காதீர்கள்.