வெள்ளத் தடுப்புச் சுவர்: கேள்வி பதில்

கேள்வி: ஆற்றோரம் ஏற்கெனவே 2 மீட்டர் சுவர் இருக்கிறது. அதன் மேலேயே இன்னும் 1 மீட்டர் ஏற்றிக் கட்டினால் போதாதா?

பதில்: பலரும் கேட்பதுதான். 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 2 டன் விசை தள்ளும். 3 மீட்டரில் அது 4.5 டன்னாகிவிடும். சுவரைக் கவிழ்க்கும் திருப்புவிசையோ மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். பழைய அடித்தளம் இதைத் தாங்கப் போட்டதல்ல. முதலில் அடித்தளத்தைச் சோதியுங்கள், உயரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

கேள்வி: தண்ணீர் சுவரின் உச்சியைத் தாண்டாதவரை பயமில்லை, சரிதானே சார்?

பதில்: சரியில்லை. 2005-இல் கத்ரீனா புயலின்போது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 17-ஆவது தெருக் கால்வாயின் சுவர் உடைந்தது. அப்போது தண்ணீர் அதன் உச்சியைத் தொடக்கூட இல்லை. நீரின் தள்ளலில் சுவர் லேசாகச் சாய, கால்வாய்ப் பக்கம் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அதற்குள் தண்ணீர் இறங்கி ஆழத்திலிருந்தே தள்ள, கீழே இருந்த மெத்தென்ற களிமண் சுவரோடு சேர்ந்து வழுக்கி நகர்ந்துவிட்டது. அதே நகரத்தின் லண்டன் அவென்யூ கால்வாயிலும் சுவர் உடைந்தது, ஆனால் அங்கே கதை வேறு. சுவருக்கு அடியில் மணல், அதன் வழியாகக் கசிவு. இரண்டு இடத்திலும் சுவரைத் தாங்க அதன் அடியில் மண்ணுக்குள் இறக்கிய இரும்புத் தகடுகளின் ஆழம் போதவில்லை. என்னைக் கேட்டால், சுவரின் உயரத்தைக் கேட்கும் முன் அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எந்த மண்ணில் நிற்கிறது என்று கேட்க வேண்டும்.

கேள்வி: சுவர் கட்டிய பிறகும் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறதே, ஏன்?

பதில்: ஆற்றை வெளியே நிறுத்தும் சுவர், ஊருக்குள் பெய்த மழையையும் உள்ளேயே நிறுத்திவிடும். வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில், ஆறு ஏறும்போது தானாக மூடிக்கொள்ளும் கதவு வேண்டும். இல்லையென்றால் ஆற்று நீர் அந்தக் குழாய் வழியாகவே தெருவுக்கு வரும். கதவு மூடியபின் மழைநீரை வெளியே தள்ள பம்பும், மின்சாரம் போனால் ஓட்ட ஜெனரேட்டரும் வேண்டும். சுவரைத் திறந்துவைக்க அமைச்சர் வருவார், பம்பைப் பார்க்க யாரும் வருவதில்லை.

கேள்வி: வெள்ளம் வரும்போது மட்டும் மாட்டும் சுவரை நம்பலாமா?

பதில்: நம்பலாம். ஆஸ்திரியாவில் டான்யூப் கரையிலுள்ள கிரைன் ஊரை 2013 வெள்ளத்தில் காத்தது அந்த வகைச் சுவர்தான். ஆனால் தூண்களை நிறுத்தும் அடித்தளம் முன்கூட்டியே நிரந்தரமாக இருக்க வேண்டும். முன்னெச்சரிக்கை நேரமும் பழகிய ஆட்களும் வேண்டும். ஒரு மணி நேரத்தில் பொங்கும் சிற்றாற்றுக்கு இது ஒத்துவராது.

கேள்வி: ‘100 ஆண்டு வெள்ளம்’ ஒருமுறை வந்துவிட்டால் இனி நிம்மதிதானே?

பதில்: இல்லை. ஒவ்வோர் ஆண்டும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். அடுத்த ஆண்டே மறுபடி வரலாம். 30 ஆண்டுகள் ஒரு வீட்டில் இருந்தால், ஒருமுறையாவது அதைப் பார்க்க ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு.

கேள்வி: இரு கரையிலும் உயரமாகக் கட்டிவிட்டால்?

பதில்: ஆறு ஒடுங்கி நீர்மட்டம் ஏறும், சுவர் இல்லாத பக்கத்து ஊருக்குத் தலைவலி. நெதர்லாந்தின் நைமேகனில் கரையையே சுமார் 350 மீட்டர் பின்னே தள்ளி, வால் (Waal) என்ற ஆற்றுக்குப் பக்கக் கால்வாய் வெட்டினார்கள். அதற்காக வீடுகளை இடிக்க வேண்டியிருந்தது, அதை மறைக்க முடியாது. இடம் இருக்கும் ஊருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: வெள்ள நேரத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் தரையில் ஊற்று கிளம்பினால், மூட்டை போட்டு அடைத்துவிடலாமா?

பதில்: அடைக்காதீர்கள், வேறு இடத்தில் கிளம்பும். சுற்றிலும் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டம் ஏற விடுங்கள். ஏறிய நீரின் எடை கசிவின் வேகத்தைக் குறைக்கும். தெளிந்த நீர் வந்தால் ஒருவர் அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளட்டும். மணலோடு கலங்கி வந்தால் சுவரின் அடிமண் அரிக்கிறது. பொறியாளருக்குச் சொல்லிவிட்டு, பக்கத்து வீடுகளில் இருப்பவர்களை உடனே வெளியேற்றுங்கள்.