கீரைக்கட்டும் வார்டு உறுப்பினரும்

அன்புள்ள ஐயா,

நகராட்சித் தேர்தலை மனத்தில் வைத்து எங்கள் வார்டில் இப்போதே ஆட்கள் வீடு வீடாக வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் தொழிற்பேட்டை கொண்டுவருவேன் என்கிறார். இன்னொருவர் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்கிறார். பொறியியல் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறேன். வார்டு உறுப்பினரிடம் வேலையைப் பற்றி என்னதான் கேட்பது?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தொழிற்பேட்டை நகர்மன்றத்தின் கையில் இல்லை. அவற்றை அமைக்கும் சிட்கோவும் சிப்காட்டும் மாநில அரசின் நிறுவனங்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை கொடுக்க நகராட்சியில் பணியிடமும் கிடையாது. இருந்த துப்புரவுப் பணியே பல ஊர்களில் ஒப்பந்தக்காரர்களிடம் போய்விட்டது. உங்கள் படிப்புக்கு ஏற்ற வேலை எங்கே என்ற கேள்வியைச் சட்டமன்றத் தேர்தலில் கேளுங்கள், விடாமல் கேளுங்கள்.

ஆனால் ஊரின் பிழைப்பில் நகராட்சிக்குப் பங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சந்தை அதனுடையது. பேருந்து நிலையக் கடைகள் அதனுடையவை. சந்தையில் கடை போடுபவர்களிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பதும் அதுதான்.

சென்ற மாதம் பக்கத்து ஊர் வாரச்சந்தைக்குப் போயிருந்தேன். சாக்கை விரித்துக் கீரைக்கட்டுகளை அடுக்கி உட்கார்ந்திருந்தார் ஓர் அம்மா. குத்தகைதாரரின் ஆள் வந்து கையை நீட்டினார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து நாற்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தார். கிழித்துக் கொடுத்த சீட்டில் பத்து ரூபாய் என்று அச்சாகியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதுதான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த சாக்குக்கு நகர்ந்துவிட்டார். கட்டு பத்து ரூபாய். ஒரு கட்டோடு போக வேண்டிய சுங்கத்துக்கு நான்கு கட்டு போய்விட்டது. வாரத்துக்கு வாரம் இப்படித்தான் போகிறது. வீடு திரும்பிய பிறகும் என் கோபம் அடங்கவில்லை.

இதைத் தடுக்க வார்டு உறுப்பினரால் முடியும். கட்டண விவரத்தைச் சந்தை வாசலில் பலகையாக எழுதி வைக்கச் சொல்லலாம். கூடுதலாக வசூலிப்பவரின் குத்தகையை ரத்து செய்யுங்கள் என்று மன்றக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். வாய் திறக்க மனம் இருந்தால் போதும், இதற்குக் கோடிக்கணக்கில் நிதி வேண்டியதில்லை.

தள்ளுவண்டிக்காரர்களுக்கும் தரைக்கடைக்காரர்களுக்கும் 2014இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது அவர்களைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. இந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தெருவோர வியாபாரிகளுக்காக 2020இல் 10,000 ரூபாய் கடனுடன் தொடங்கிய ஸ்வநிதி திட்டத்திலும், அடையாள அட்டை இல்லாதவர் நகராட்சியின் பரிந்துரைக் கடிதத்தோடுதான் வங்கிப் படி ஏற வேண்டியிருந்தது. அந்தக் கடிதம் கிடைக்காதவர் என்ன செய்வார்? காலையில் தண்டல்காரரிடம் 900 ரூபாய் வாங்கி, இரவில் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுப்பார். அப்படிக் கொடுப்பவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் வார்டில் எத்தனை தள்ளுவண்டிகள் நிற்கின்றன என்று ஒருநாள் மாலை நடந்துபோய் எண்ணிப் பாருங்கள். வாக்குக் கேட்டு வருபவரிடம், இவர்களில் எத்தனை பேரிடம் சான்றிதழ் இருக்கிறது, விற்பனைக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். இப்போதைய உறுப்பினரே மறுபடியும் வந்தால் இன்னும் நல்லது. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாக, மக்கள் கூடித் தங்கள் பகுதியின் குறைகளைப் பேசும் பகுதி சபைகள் கூடின. உங்கள் பகுதியில் அதற்குப் பிறகு எத்தனை முறை கூட்டினார், அங்கே சந்தையைப் பற்றி ஒருமுறையாவது பேசினாரா என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள். பதில் சொல்லாமல் நழுவினாலும் எழுதுங்கள்.

அன்புடன்