கணக்கெடுக்கும் முன்பே வாருங்கள்: புள்ளியியல் பேராசிரியர் பதில்கள்

(சென்னைக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர், வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதிலளிக்கிறார்.)

கேள்வி: என் மகளுக்கு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைத்திருக்கிறது. சுயநிதிக் கல்லூரி ஒன்றில் டேட்டா சயின்ஸ் இடமும் தயாராக இருக்கிறது. உறவினர்கள் எல்லோரும் இரண்டாவதில்தான் சேர்க்கச் சொல்கிறார்கள். எதில் சேர்ப்பது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பெயரை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள், அம்மா. நிகழ்தகவு, மாதிரிக் கணக்கெடுப்பு, மதிப்பீட்டுக் கோட்பாடு, சோதனை வடிவமைப்பு ஆகியவை அதில் இருக்கின்றனவா? அவற்றைப் படித்தவர்களே நடத்துகிறார்களா? ஆம் என்றால் எந்தப் பெயரில் இருந்தாலும் தாராளமாகச் சேர்க்கலாம். மூன்று வருடமும் மென்பொருளை இயக்க மட்டும் சொல்லித்தருவதாக இருந்தால் வேண்டாம். நான் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் ஃபேசிட் கணக்கு இயந்திரம்தான். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் திட்ட விலக்கம் கண்டுபிடிப்போம். அந்த இயந்திரம் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அதில் நான் போட்ட கணக்கின் தர்க்கம் இன்றும் அப்படியே செல்லுபடியாகிறது.

இன்னொன்றும் செய்யுங்கள். வேலைநாள் ஒன்றில் மகளை அழைத்துக்கொண்டு அந்தத் துறைக்கே நேரில் போங்கள். "வேறு துறைக்காரர்கள் யாராவது உங்களிடம் ஆலோசனை கேட்டு வருவார்களா?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். முகம் மலர்ந்து கதை கதையாகச் சொல்ல ஆரம்பித்தால் அது உயிருள்ள துறை.

வேலையைப் பற்றிக் கவலை வேண்டாம். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. மாநிலப் புள்ளியியல் துறைப் பணிகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு இருக்கிறது. மருந்து நிறுவனங்களும் காப்பீட்டு நிறுவனங்களும் வங்கிகளும் இந்தப் படிப்பு படித்தவர்களை எடுக்கின்றன.

கேள்வி: என் மகன் படிக்கும் புள்ளியியல் துறை வாசலில் "நோக்கு, பணி, விழுமியங்கள்" என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். பக்கத்து வேதியியல் துறையிலும் ஏறக்குறைய அதே வாசகம். புள்ளியியல் துறைக்கென்று தனியாக ஒரு பணி இருக்கிறதா?
– வாசகர், வில்லிவாக்கம்

பதில்: இருக்கிறது. ஒருவர் "இது பலன் தரும்" என்று சொல்லும்போது, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கண்டு சொல்வதுதான் அந்தப் பணி. அதன் பெருமையைப் பார்க்க வெளிநாடு போக வேண்டாம், சேத்துப்பட்டுக்குப் போனால் போதும்.

இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அழைக்கப்படும் மையம் அங்கே 1956இல் தொடங்கியது. காசநோய் வந்தால் மாதக்கணக்கில் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வேண்டும் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம். நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் குணமாகாதா என்று கேட்டார்கள். இதற்குக் கருத்துச் சொல்ல யாராலும் முடியும். அவர்கள் கருத்துச் சொல்லவில்லை, சோதித்துப் பார்த்தார்கள். 193 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல், இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியம், மறு பிரிவினருக்கு அவரவர் வீடு. மருந்து இருவருக்கும் ஒன்றே.

'சமவாய்ப்பு' என்ற இடத்தில்தான் எங்கள் துறை இருக்கிறது. யாரை எங்கே அனுப்புவது என்று மருத்துவர்களே தீர்மானித்திருந்தால் என்ன ஆகும்? நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார்கள், தேறக்கூடியவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நல்ல மனதோடுதான் அப்படிச் செய்வார்கள். ஆனால் கடைசியில் வீட்டில் இருந்தவர்கள் பிழைத்தது மருந்தாலா, முதலிலேயே நோய் லேசாக இருந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தேர்வை மனிதர் கையிலிருந்து எடுத்துவிட்டதால்தான் முடிவை உலகம் ஏற்றுக்கொண்டது.

முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது, ஓய்வும் கிடைத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான இடத்தில், இருப்பதைச் சாப்பிட்டார்கள். ஆனாலும் ஓராண்டு முடிவில் அவர்கள் தேறியது ஏறக்குறைய சானடோரியத்துக்காரர்கள் அளவுக்கே இருந்தது. உலகின் பல நாடுகளில் காசநோயாளிகள் குடும்பத்தைப் பிரியாமல் சிகிச்சை பெற வழி திறந்தது நம் ஊர்ச் சோதனை. நான் முதலாண்டு வகுப்பை இந்தக் கதையோடுதான் தொடங்குவேன்.

விழுமியம் என்று கேட்டீர்களே, அதற்கும் ஒரு வரலாறு உண்டு. உலகின் முதல் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறையை 1911இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கார்ல் பியர்சன் தொடங்கினார். இரண்டு அளவுகள் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் ஒட்டுறவுக் கெழு, எதிர்பார்த்த எண்ணிக்கையோடு கிடைத்த எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனை எல்லாம் அவரிடமிருந்து நாங்கள் பெற்றவை. அதே பியர்சன், மனிதர்களைப் பிறப்பால் தரம் பிரிக்கும் 'இன மேம்பாட்டு' இயக்கத்தின் தூண்களில் ஒருவர். அந்தத் துறைக்குப் பணம் வந்ததும் அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஃபிரான்சிஸ் கால்டனின் உயிலிலிருந்துதான். 2020இல் அந்தப் பல்கலைக்கழகம் தன் கட்டடங்களிலிருந்து இருவர் பெயரையும் நீக்கியது. கை-வர்க்கச் சோதனையைச் சொல்லித்தரும் அன்றே இதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சாதியும் வருமானமும் நோயும் எழுதப்பட்ட படிவங்களை நாளை கையாளப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பலகையில் எழுத ஒரு வரி கேட்டால் நான் இதைத் தருவேன்: "எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வோம், அதில் எவ்வளவு ஐயம் மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வோம்."

கேள்வி: பிளஸ் டூவில் கணிதம் எடுக்காதவர்கள் புள்ளியியல் படிக்க முடியுமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: பட்டப்படிப்பாக எடுப்பது கடினம். வகைநுண்கணிதமும் அணிகளும் இல்லாமல் இரண்டாம் பருவத்தைத் தாண்ட முடியாது. வணிகவியல், உளவியல், சமூகப்பணி படித்துக்கொண்டே அதில் ஒரு தாளாகப் புள்ளியியல் கற்கலாம். அதையும் மதித்துப் படியுங்கள்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்காக 120 பேரிடம் படிவம் வாங்கினேன். பி மதிப்பு 0.05க்குச் சற்று மேலே நிற்கிறது. ஒரு சிலரை எடுத்துவிட்டால் சரியாக வந்துவிடும் என்கிறார் நெறியாளர். என்ன செய்வது?
– ஆய்வு மாணவி, தாம்பரம்

பதில்: எடுக்காதே அம்மா. ஒருவரின் விவரத்தை நீக்க நியாயமான காரணங்கள் உண்டு. வயது 23 என்பதை 230 என்று பதிந்திருக்கலாம், படிவம் பாதியில் நின்றிருக்கலாம், அல்லது இப்படிப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்திருக்கலாம். முடிவைப் பார்த்தபின் ஆளைத் தேடி நீக்குவது இதில் எதிலும் சேராது. உன்னை நம்பி நேரம் ஒதுக்கிப் பதில் சொன்னவர்களின் குரலை அழிப்பது அது.

உண்மையில் வித்தியாசமே இல்லை என்றால், உனக்குக் கிடைத்த அளவோ அதைவிடப் பெரிதோ தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. அதற்கு 0.05 என்பது லட்சுமணன் கோடு அல்ல. அது ஒரு வழக்கம், அவ்வளவுதான். இந்தக் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்கக் கூடாது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் அறிக்கையே வெளியிட்டது. உன் மதிப்பீடு எவ்வளவு, அதன் நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, எவ்வளவு அகலம் என்று எழுது. நெறியாளர் இன்னும் வற்புறுத்தினால், "ஐயா, நீக்கியும் நீக்காமலும் இரண்டு முடிவையும் போடுவோம், எதற்காக நீக்கினோம் என்றும் எழுதுவோம்" என்று பணிவாகச் சொல். அந்தச் சிலரின் படிவங்களையும் எடுத்துக்கொண்டு உன் பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைக்குப் போ.

1938இல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டில், நவீனப் புள்ளியியலின் முன்னோடியான ஆர்.ஏ. ஃபிஷர் தலைமையுரை ஆற்றினார். சோதனை முடிந்தபிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனை கேட்பதற்குச் சமம், அது எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லலாம் என்றார். உன் தோழிகளிடம் இதைச் சொல். படிவம் அச்சடிக்கும் முன் வரட்டும்.

கேள்வி: நான் பொன்னேரி அரசுப் பள்ளி மாணவன். புள்ளியியல் படித்துப் பெரிய ஆளாக முடியுமா ஐயா?
– பிளஸ் ஒன் மாணவன்

பதில்: தம்பி, உங்கள் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள். எஸ்.ஆர். சீனிவாச வரதன் 1940இல் சென்னையில் பிறந்தார். அவர் தந்தை பொன்னேரி உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். மகனும் அங்கேயே படித்தார். பிறகு தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட், கடற்கரையை ஒட்டிய மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ். அங்கிருந்து கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் போனார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் ஒருவர், நவீன நிகழ்தகவுக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்ட ரஷ்யர் கோல்மொகொரோவ். 2007இல் வரதனுக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த பரிசுகளில் ஒன்றான ஏபெல் பரிசு கிடைத்தது. புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கினால் மாநிலக் கல்லூரி அதிகத் தூரமில்லை. ஒருமுறை போய்ப் பார்.

கேள்வி: அரசுக் கல்லூரிப் புள்ளியியல் துறையில் வேலை பார்க்கிறேன். நிரந்தர ஆசிரியர் இரண்டே பேர், மற்றவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். கணினிகள் பழையவை. இப்படிப்பட்ட துறை எப்படி வளரும்?
– உதவிப் பேராசிரியர், சென்னை

பதில்: ஆசிரியர் இடங்களை நிரப்பச் சொல்லி விடாமல் எழுதுங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் வருடாவருடம் மாறும் துறையில் எந்த மரபும் நிலைக்காது. அந்தப் பொறுப்பு அரசினுடையது, அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கையில் இருப்பது வகுப்பறை. 1944இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சி.ஆர். ராவ் மதிப்பீட்டுக் கோட்பாடு நடத்திக்கொண்டிருந்தார். அங்கே முதுகலைப் புள்ளியியல் தொடங்கியே சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு மதிப்பீடு எவ்வளவு துல்லியமாக இருக்க முடியும் என்று பெரிய மாதிரிகளுக்கு ஃபிஷர் சொன்ன முடிவு சிறிய மாதிரிகளுக்கும் உண்டா என்று வி.எம். தாண்டேகர் என்ற மாணவர் கேட்டார். ராவ் வீட்டுக்குப் போய் அன்றிரவே உட்கார்ந்து விடை கண்டார். 1945இல் அச்சான அது இன்று கிராமர்-ராவ் எல்லை என்று உலகமெங்கும் பாடமாக இருக்கிறது. "சிலபஸில் இல்லை, உட்கார்" என்று அவர் சொல்லியிருந்தால்?

'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். தரவுக்கும் பஞ்சமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஒரே நாள் மழை தாம்பரத்தில் 49 செ.மீ., நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. அப்படியானால் சென்னையில் பெய்த மழை எவ்வளவு? இந்தக் கேள்வியைக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் விவாதிக்க விடுங்கள். சராசரியும் சிதறலும் மாதிரியும் தாமாக வந்து நிற்கும்.

அடுத்து, வாரத்தில் ஒரு பிற்பகலை ஆலோசனை நேரமாக அறிவியுங்கள். முதல் மாதம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நீங்களே தாவரவியல் துறைக்கு நடந்து போங்கள். இந்தப் பருவத்தில் எந்தச் செடியை எந்தப் பாத்தியில் வைக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். நடுவதற்கு முன் பாத்திகளைச் சமவாய்ப்பில் பிரித்துக் கொடுங்கள். இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேரையும் கூட அழைத்துப் போங்கள்.