கணினித் திரையைப் படமாகவும் வீடியோவாகவும் பிடிக்க எளிய வழி என்ன?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் முதலில் பழக வேண்டியது விண்டோஸ் + ஷிஃப்ட் + எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்துவது. திரை மங்கும், வேண்டிய பகுதியை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். படம் கிளிப்போர்டுக்குப் போய்விடும், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கன்ட்ரோல் + வி அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். முழுத்திரையும் கோப்பாகவே வேண்டுமென்றால் விண்டோஸ் + பிரின்ட் ஸ்கிரீன். பிக்சர்ஸ் ஃபோல்டருக்குள் ஸ்கிரீன்ஷாட்ஸ் என்ற இடத்தில் சேமிக்கும்.

சொடுக்கியதும் மறைந்துவிடும் மெனுவைப் பிடிக்கத்தான் பலரும் திணறுகிறார்கள். விண்டோஸிலேயே இருக்கும் ஸ்னிப்பிங் டூல் என்ற திரைப்பிடிப்புச் செயலியைத் திறந்து, சில விநாடி தாமதம் வைத்து, நியூ பொத்தானை அழுத்திவிட்டு, அந்த இடைவெளியில் மெனுவை விரித்து வையுங்கள்.

வீடியோவுக்கு விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலேயே பதிவு வசதி உண்டு. விண்டோஸ் 10-இல் விண்டோஸ் + ஆல்ட் + ஆர் அழுத்தலாம். ஆனால் அது திறந்திருக்கும் ஒரு செயலியை மட்டுமே பதிவு செய்யும், டெஸ்க்டாப்பை அல்ல. முழுத்திரையும் தேவைப்பட்டால் இலவசமான ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற பதிவு மென்பொருளே என் தேர்வு.

மேக்கில் கமாண்ட் + ஷிஃப்ட் + 5 போதும், படம், வீடியோ இரண்டும் அதிலேயே.

தயவுசெய்து, பதிவைத் தொடங்குமுன் நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிடுங்கள். ஓடிபி, வங்கிச் செய்தி எதுவும் திரையில் வந்துவிடக் கூடாது.