பட்டறைக் கேள்வி பதில்: உளிக்குக் கூர், உருளைக்குப் பளபளப்பு

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டவை எல்லாம் நகைப் பட்டறையின் எஃகுக் கருவிகள் பற்றிய கேள்விகள். தங்கமும் வெள்ளியும் மெத்தென்ற உலோகங்கள். எஃகில் இருக்கும் கீறல், குழி, துருப்புள்ளி எதுவானாலும் அப்படியே நகையில் பதிந்துவிடும். அதனால் கருவிப் பராமரிப்பை நகை வேலையின் முதல் படியாகவே நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: தகடு உருட்டும் மிஷினின் உருளையில் புள்ளிப் புள்ளியாகத் துரு. வெள்ளித் தகட்டில் அந்தப் புள்ளிகள் எல்லாம் விழுகின்றன. வேலை முடிந்ததும் எண்ணெய் தடவித்தான் மூடுகிறோம். பிறகும் ஏன்?
*– கொலுசுப் பட்டறை வாசகர், சேலம்*

பதில்: எண்ணெய் தடவுவது வேலை முடிந்த பிறகு. துரு பிடிப்பதோ வேலை நடக்கும்போது. தகட்டைக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு, ஆசிட்டில் வெளுக்கவிட்டு, கழுவி, ஒரு துணியில் ஒற்றி எடுத்து, நேரே மிஷினில் விடுகிறீர்கள் அல்லவா? கண்ணுக்கு உலர்ந்ததாகத் தெரியும் அந்தத் தகட்டின் ஓரத்திலும் மடிப்பிலும் ஆசிட் கலந்த ஈரம் நிற்கும். உருளை அதைப் பிழிந்து தன்மேலேயே பூசிக்கொள்கிறது. அதன்மேல் சாயங்காலம் எண்ணெய் தடவினால் ஈரத்தை எண்ணெய்க்கு அடியில் பூட்டி வைத்ததுபோல ஆகிறது.

ஆசிட்டிலிருந்து எடுத்த தகட்டை முதலில் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அடுத்து ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் சமையல் சோடா கரைத்த பாத்திரத்தில் இரண்டு நிமிடம் போடுங்கள். மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஹேர் டிரையரில் சூடு ஏறும்வரை காட்டுங்கள். குழாயோ, பற்றவைத்த இடமோ இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் காட்ட வேண்டும். ஆசிட் ஒளிந்திருப்பது அங்கேதான். பற்றவைக்கும்போது போட்ட வெங்காரம் கண்ணாடியாக உறைந்து ஒட்டியிருக்கிறதா என்றும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். அது உருளையையே கீறும்.

இப்போது இருக்கும் துருவை எடுக்க 0000 நம்பர் ஸ்டீல் உல்லில் (மெல்லிய எஃகு நார்ப் பஞ்சு) தையல் மிஷின் எண்ணெய் விட்டு, உருளையின் சுற்றுவாக்கில் மெல்லத் தேயுங்கள். மோட்டார் மிஷினாக இருந்தால் பிளக்கையே பிடுங்கிவிட்டு, உருளை நின்ற நிலையில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். சுழலும் உருளையில் துணியோ உல்லோ பட்டால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எமரித்தாள் வேண்டவே வேண்டாம். துரு போகும், கூடவே அந்த இடம் பள்ளமாகிவிடும். அதன்பிறகு தகடு ஒரே கனத்தில் வராது. நகத்தால் வருடினால் தட்டுப்படுகிற அளவுக்குக் குழி விழுந்திருந்தால் பட்டறையில் வைத்துச் சரிசெய்ய முடியாது. உருளைகளைக் கழற்றி, உருளை கிரைண்டிங் செய்யும் இடத்தில் கொடுத்து, இரண்டையும் ஒரே விட்டத்துக்குச் சாணை பிடித்துப் பாலிஷ் செய்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் பிடித்தால் தகடு வளைந்துகொண்டே வரும்.

இரவில் உருளைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு வையுங்கள். காலையில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பிறகே முதல் தகட்டை விட வேண்டும். எண்ணெய் பட்ட வெள்ளியைக் காய்ச்சினால் அது கருகிக் கறை பிடிக்கும். இரும்புக் கம்பி, ஸ்டீல் கம்பி எதையும் அந்த மிஷினில் விடாதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்லிவைக்கிறோம்.

கேள்வி: கல் பதிக்கும் உளியின் முனை அடிக்கடி ஒடிகிறது. ஒடியாத நாட்களில் வெட்டு பளிச்சென்று வருவதில்லை, சாம்பல் பூத்தது போல இருக்கிறது. உளி மட்டமா, தீட்டுவது தப்பா?
*– செட்டிங் வேலை செய்பவர், கோயம்புத்தூர்*

பதில்: பெரும்பாலும் தீட்டுவதுதான். உளிக்கு இரண்டு கோணங்கள் உண்டு. ஒன்று முகம்: முன்னால் தெரியும் சரிவு. இன்னொன்று செட்டர்கள் ஹீல் என்று சொல்வது: முனைக்குக் கீழே, வயிற்றுப் பக்கம் விடும் சின்னச் சரிவு. 916 தங்கத்துக்கும் வெள்ளிக்கும் முகம் 45 டிகிரி போதும். 18 காரட் வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் போன்ற கடினமான உலோகங்களுக்கு 50 முதல் 55 டிகிரி வரை மழுங்கலாக வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே 45 டிகிரி உளியை வைத்துக்கொண்டு வெள்ளைத் தங்கத்தில் இறங்கினால் முனை தாங்காது. ஒடிவதற்கு இன்னொரு காரணம், வெட்டின் முடிவில் உளியை நெம்பித் தூக்குவது. வெட்டும்போது எழும் உலோகச் சுருளை நெம்பி எடுக்கக் கூடாது. உளியின் பின்பக்கத்தைத் தாழ்த்தி, முன்னோக்கித் தள்ளியே வெளியே கொண்டுவர வேண்டும்.

தீட்டும் முறை இது. முகத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் மை பூசுங்கள். 600 நம்பர் டைமண்ட் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, உளியை வைத்து ஒரே ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு லென்ஸில் பாருங்கள். மை முழு முகத்திலும் சீராகப் போயிருந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் போயிருந்தாலோ கீழ்ப்பக்கம் மட்டும் போயிருந்தாலோ கையின் பிடி அந்தப் பக்கம் சாய்கிறது. கோணம் பிடிக்கும் ஜிக் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, வாங்கிவிடுவது நல்லது. முகம் ஒரே சமதளமானதும் 1200 நம்பர் தகட்டுக்கு மாறுங்கள்.

அடுத்தது ஹீல். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். உளியின் வயிற்றை 1200 நம்பர் தகட்டில் படுக்கவைத்து, பின்பக்கத்தை 15 முதல் 20 டிகிரி தூக்கி, மூன்று நான்கு முறை மட்டும் இழுங்கள். உருவாகும் சரிவின் நீளம் அரை மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீளம் கூடினால் வளைவுகளில் திரும்பும்போது ஹீல் உரசி, வெட்டின் ஓரத்தைச் சிதைக்கும். ஹீலே இல்லையென்றால் உளி உலோகத்துக்குள் புதைந்துகொண்டே போகும், மேலே வராது.

உங்கள் வெட்டு சாம்பலாக வருவதற்கும் ஹீல்தான் காரணம். வெட்டிய பள்ளத்தின் தரையைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டு போவது அதுதான். அதில் 1200 நம்பர் கீறல்கள் இருந்தால் பள்ளத்திலும் அதே கீறல்கள் இருக்கும். 1 மைக்ரான் டைமண்ட் பேஸ்டை ஒரு கடின மரத்துண்டிலோ செம்புத் தகட்டிலோ மெல்லியதாகப் பூசி, அதே கோணத்தில் ஹீலைப் பத்துப் பன்னிரண்டு முறை பின்னோக்கி மட்டும் இழுங்கள். முகத்தையும் அதேபோல முடியுங்கள். கடைசியில் முனையைப் பித்தளைத் துண்டில் லேசாக ஒருமுறை குத்தி எடுத்தால் ஓரத்தில் தொங்கும் பிசிர் உதிர்ந்துவிடும்.

கூர்மையைச் சோதிக்கக் கட்டைவிரல் நகம் போதும். உளியைச் சாய்த்து, நகத்தின்மேல் அழுத்தாமல் வைத்துத் தள்ளுங்கள். பிடித்துக்கொண்டால் கூர், வழுக்கினால் மழுங்கல். 10 மடங்கு லென்ஸில், வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கையில் நுனியில் வெள்ளைப் புள்ளி மின்னினாலும் மழுங்கல்தான். கூரான நுனியில் வெளிச்சம் தெறிக்க இடமே இருக்காது.

கேள்வி: மோட்டார் சாணையில் உளியைப் பிடித்தபோது நுனி நீலமாகிவிட்டது. பயன்படுத்தலாமா?
*– பயிற்சி மாணவர், மதுரை*

பதில்: சாதாரண கார்பன் எஃகு என்றால் அந்த நீலப் பகுதி கெட்டித்தன்மையை இழந்துவிட்டது. நீலம் தெரிந்தால் சூடு 290, 300 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த இடம் வளையுமே தவிர வெட்டாது. நீலத்தைத் தாண்டி உள்ளே போகும்வரை, இரண்டு விநாடிக்கு ஒருமுறை தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்துவிடுங்கள். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளியானால் கவலை வேண்டாம். அது 500 டிகிரிக்கு மேலும் தாங்கும்.

நிறைய நீளம் வீணாகும் என்றால் கார்பன் எஃகை மறுபடி பதப்படுத்தலாம். நுனியை நல்ல சிவப்பாகக் காய்ச்சுங்கள். காந்தத்தில் ஒட்டாத நிலை ஏறக்குறைய 770 டிகிரி. அதற்குச் சற்றுமேல் போனதும் செங்குத்தாக எண்ணெயில் இறக்கி மேலும் கீழுமாக அசையுங்கள். பக்கத்தில் மூடி தயாராக இருக்கட்டும், எண்ணெய் தீப்பிடிக்கலாம். ஆறியபின் பழைய அரத்தால் உரசினால் அரம் வழுக்க வேண்டும். இந்த நிலையில் உளி கண்ணாடிபோல உடையும். அதனால் எமரித்தாளால் வெளுக்கத் தேய்த்து, நுனிக்கு ஓர் அங்குலம் பின்னால் சிறு தீயில் சூடு காட்டுங்கள். வைக்கோல் மஞ்சள் நிறம் ஊர்ந்து வந்து நுனியைத் தொட்டதும் தண்ணீரில் போடுங்கள். வீட்டில் ஓ.டி.ஜி. அடுப்பு இருந்தால் 220 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலும் அதே பலன். ஹெச்.எஸ்.எஸ். எஃகை இப்படிச் செய்ய முயலாதீர்கள். அதற்கு 1200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், நம் ஊதுகுழலால் ஆகாது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் குறடு, அச்சு, சுத்தியல் எல்லாம் ஒரே வாரத்தில் பழுப்பேறுகின்றன. தேங்காய் எண்ணெய் தடவி, பெட்டியில் கற்பூரமும் போட்டுப் பார்த்தாயிற்று.
*– கோயில் நகை செய்பவர், நாகர்கோவில்*

பதில்: கடற்காற்றின் உப்பும் அடைமழைக் காலத்து ஈரமும் சேர்வது உங்கள் ஊரின் நிலைமை. ஆனால் முதலில் அறைக்குள் பாருங்கள். ஆசிட் பாத்திரம் எங்கே இருக்கிறது? அதிலிருந்து எழும் ஆவிதான் பல பட்டறைகளில் மழையைவிடப் பெரிய எதிரி. அதிலும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பாட்டிலோ, தங்கத்தைக் கரைக்கும் ராஜ திராவகமோ அதே அறையில் இருந்தால் எத்தனை எண்ணெய் தடவினாலும் நிற்காது; துருப்பிடிக்காது என்று வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசிக்குழி விழும். கழுவறைக்கு வாங்கும் ஆசிட்டும் அதே சரக்குதான். இவற்றை வேறு அறைக்கு மாற்றுங்கள். வெளுக்கும் பாத்திரத்துக்கு இறுக்கமான மூடி போடுங்கள்.

தேங்காய் எண்ணெய் கெட்டுப்போகும்போது அதிலுள்ள கொழுப்பு அமிலங்கள் பிரிந்து எஃகையே தின்னும். நல்லெண்ணெய் காய்ந்து பிசினாகும். மண்ணெண்ணெய் ஒரே நாளில் பறந்துவிடும். தினசரிக்குத் தையல் மிஷின் எண்ணெய் சரியானது. துணியில் ஊற்றி, தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் அளவுக்குத் துடைத்தால் போதும், வழியக் கூடாது. மாதக்கணக்கில் எடுக்காத அச்சுகளுக்கு வாஸ்லினை மெல்லியதாகப் பூசுங்கள். தடவுவதற்கு முன் கைவேர்வையைத் துடைத்துவிடுங்கள். வேர்வை உப்பின் மேல் எண்ணெய் தடவினால் விரல்ரேகை வடிவத்திலேயே துரு வரும்.

கற்பூரத்தை நம்பாதீர்கள். அதற்குப் பதில் வி.சி.ஐ. தாள் (துருத்தடுப்பு மருந்து ஏற்றிய தாள்) வாங்கிப் பெட்டியின் அடியிலும் மேலும் போடுங்கள். அதிலிருந்து வரும் ஆவி எஃகின்மேல் படிந்து துருவைத் தடுக்கும். கூடவே டிபன் டப்பா அளவுப் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டன. 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். பெட்டி காற்றுப் புகாததாக இல்லாவிட்டால் இரண்டும் வீண். தோல் உறை, செய்தித்தாள் இரண்டையும் எடுத்துவிடுங்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைப்பவை.

ஏ.சி. பட்டறையானால் இன்னொன்று: ஏ.சி.யை நிறுத்தி ஜன்னலைத் திறந்த நிமிடம், குளிர்ந்த எஃகின்மேல் வெளிக்காற்றின் ஈரம் பனியாக இறங்கும். கருவிகளைப் பெட்டிக்குள் வைத்து மூடிய பிறகே ஜன்னலைத் திறங்கள்.

சுத்தியலின் முகத்தைக் கண்ணாடி மெருகில் வைத்திருப்பதும் துருத்தடுப்புதான். 600, 1000, 2000 நம்பர் தாள்களில் வரிசையாகத் தேய்த்து மெருகேற்றிய எஃகில் ஈரம் தங்க இடம் குறைவு.

கேள்வி: அரத்தைத் தீட்ட முடியுமா? எண்ணெய் போட்டு வைக்கலாமா?
*– வாசகி, கும்பகோணம்*

பதில்: இரண்டுமே வேண்டாம். ஆசிட்டில் போட்டுப் பல்லைக் கூராக்கும் வழக்கம் முரட்டு அரத்துக்குச் சரிவரும். நகை வேலையின் நைஸ் அரத்தில் பல்லே கரைந்துபோகும். பல அரங்கள் மழுங்கவில்லை, அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பித்தளைப் பட்டையின் ஓரத்தைப் பல்வரிசை ஓடும் வாக்கில் அழுத்தித் தள்ளிக்கொண்டே போனால், பட்டையிலேயே சீப்புப்போலப் பல் விழுந்து, இடுக்கில் சிக்கிய துகளை அது வெளியே தள்ளும். தட்டின்மேல் வைத்துச் செய்யுங்கள், வருவது தங்கம். பிறகு சாக்பீஸ் தேய்த்து வைத்தால் அடுத்தமுறை அடைப்பது குறையும். எண்ணெய் போட்டால் பல் வழுக்கும், துகள் ஒட்டும். அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்கும். ஈயம் பட்ட அரத்தைத் தங்கத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒட்டிய ஈயத்தூள், காய்ச்சும் சூட்டில் தங்கத்தைத் தின்று ஓட்டை போடும்.

கேள்வி: துருப்பிடித்த கருவிகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கலாம் என்கிறார்கள். சரியா?
*– வாசகர், திருச்சி*

பதில்: எலுமிச்சையைவிட சிட்ரிக் ஆசிட் தூள் நல்லது, அளவு கைக்குள் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், இரவு முழுக்க விடாதீர்கள். எடுத்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீர், நல்ல தண்ணீர், சூடான காற்று, உடனே எண்ணெய். பத்து நிமிடம் தாமதித்தாலும் ஆரஞ்சுத் துரு திரும்ப வந்துவிடும். குறடு, பழைய சுத்தியல் போன்றவற்றுக்கு இது சரி. உளி, டிரில், ஸ்பிரிங், வெர்னியர், மிஷின் உருளை ஆகியவற்றை ஆசிட்டில் போடவே கூடாது. கெட்டியான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து அதை நொறுங்கவைக்கும். அளவுக் கருவியில் கோடுகள் மங்கிவிடும். இவற்றுக்கு 0000 ஸ்டீல் உல்லும் எண்ணெயும்தான்.