நாற்பது விநாடி

அன்புள்ள சார்,

பள்ளி நாட்களிலிருந்து நான் உயிராய்க் கேட்டுவந்த ஒரு பாடகரின் மேடை நிகழ்ச்சிக்குப் போன வாரம் போயிருந்தேன். ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கினார்கள். மேல் ஸ்தாயிக்கு அவர் குரல் எட்டவே இல்லை. இரண்டு பாட்டில் வரி மறந்துபோனது. ஒரு இடத்தில் பாட முடியாமல் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டிவிட்டு நின்றார். அந்த இடத்தை நாற்பது விநாடி போனில் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டேன், எல்லோரும் சிரித்துத் தீர்த்தார்கள். பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கிறது. உலகத்தில் மோசம் என்று பெயரெடுத்த நிகழ்ச்சிகளைப் பற்றியெல்லாம் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஆல்டமாண்ட் ராக் இசை விழா, பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் கடைசி மாதங்கள், பெல்கிரேடில் பிரிட்டிஷ் பாடகி ஏமி வைன்ஹவுஸ். நீங்கள் நேரில் பார்த்ததிலேயே மோசமான கச்சேரி எது? பாட முடியாத நிலையில் ஒருவர் மேடையேறுவது ரசிகனை ஏமாற்றுவது இல்லையா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

தாமதத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அத்தனை பேரை ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தது தவறு, அதை ஏற்பாட்டாளர்களிடம் கேளுங்கள். ஏமாற்று என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். பதிவு செய்த குரலை ஓடவிட்டு வாயசைத்துவிட்டுப் போயிருந்தால் அது ஏமாற்று. அவர் நின்று பாடியிருக்கிறார், அதனால்தான் குரல் எட்டாதது உங்களுக்குத் தெரிந்தது.

ஆல்டமாண்டை முதலில் உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். 1969 டிசம்பர் 6 அன்று அங்கே மேடைக்கு முன்னால் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொல்லப்பட்டான். பத்து வருடம் கழித்து, 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் தி ஹூ என்ற ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு இருக்கை எண் இல்லாத டிக்கெட்டுகளை விற்றுவிட்டு வாசல் கதவுகளில் சிலவற்றை மட்டும் திறந்தார்கள். முந்திப் போய் இடம் பிடிக்க நெருக்கியடித்த கூட்டத்தில் 11 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். உள்ளே பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு, முடித்து இறங்கும்வரை அது தெரியாது. இந்த மாதிரி இரவுகளைக் குரல் எட்டாத ஒரு பாடகரோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. செத்துப்போன பிள்ளைகள் ரசிகர்கள், உங்களையும் என்னையும் போல.

சரி, எல்விஸுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்தப் பதிவை மறுபடி பார்த்தேன், அதனால்தான் இவ்வளவு உடனே எழுதுகிறேன். 1977 ஜூன் 19 அன்று ஒமாஹாவிலும் 21 அன்று ராப்பிட் சிட்டியிலும் தொலைக்காட்சிக்காக அவரைப் படமெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 42தான். முகம் ஊதிப்போய், வேர்வை ஒழுக, பாட்டின் நடுவே பேச வேண்டிய வசனத்தைக் குழப்பிக்கொண்டு நிற்கிறார். மோசம் என்று சொல்கிறவர்கள் காட்டுவது அந்தத் துண்டைத்தான். ஆனால் ராப்பிட் சிட்டியில் அவர் பியானோவுக்கு முன்னால் உட்காருகிறார். கை இரண்டும் கட்டைகளில் இருப்பதால் இன்னொருவர் அவர் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த உடம்பிலிருந்து அந்தக் குரல் எப்படி வந்தது என்று எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் பிடிபடுவதில்லை. நடுவே பக்கத்தில் திரும்பி ஒரு சிரிப்பு, சின்னப் பையனுடைய சிரிப்பு. ஜூன் 26 அன்று கடைசி மேடை, ஆகஸ்ட் 16 அன்று மரணம். அந்த ஜூன் மாதத்தில் மக்கள் பார்த்தது மோசமான எல்விஸையா? வசனம் குழம்பிய இடத்தில் எழுந்து போனவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

நீங்கள் கேட்டது நான் பார்த்ததிலேயே மோசமானது எது என்று. சொல்கிறேன். எனக்கு அப்போது இருபத்தோரு வயது. நண்பர்கள் ஐந்து பேர், மூன்றாவது வரிசை. பாடகர் அறுபதைத் தாண்டியவர். முதல் பாட்டிலேயே ஏதோ சரியில்லை. பல்லவியில் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் வந்தார், சரணத்தில் சுருதி கீழே இறங்கி அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது பாட்டிலிருந்து வலது உள்ளங்கையைக் குவித்துக் காதின் மேல் வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். இடது கையில் பாட்டு நோட்டு. அதன் தாள் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்து மடித்து விட்டுக்கொண்டே இருந்தார். எங்களில் ஒருவன் அவரைப் பார்த்துத் தானும் காதைப் பொத்திக்கொண்டான். "எங்களாலயும் கேக்க முடியல" என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உடனே நாங்கள் எல்லோரும் காதைப் பொத்தினோம். நானும் பொத்தினேன். மூன்றாவது வரிசைதானே, அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை எடுத்துக் கீழே விட்டார். அதற்கப்புறம் நிகழ்ச்சி முடியும்வரை அந்தக் கையைக் காதுக்குக் கொண்டுபோகவே இல்லை. பாட்டு மேலும் மேலும் மோசமாகிக்கொண்டே போனது. நாங்கள் ஜெயித்துவிட்ட மாதிரி வீட்டுக்குப் போனோம்.

ஏழெட்டு வருடம் கழித்து, அன்று அவருக்குக் கீபோர்டு வாசித்தவரைத் தற்செயலாக ஓரிடத்தில் சந்தித்தேன். பேச்சுவாக்கில் அந்த இரவு வந்தது. முதல் பாட்டிலேயே பாடகர் பக்கத்து மானிட்டர் ஒலிபெருக்கி செத்துவிட்டது என்றார். இரண்டு தடவை கையைக் காட்டிச் சொல்லிப் பார்த்தார்களாம், சவுண்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கவனிக்கவே இல்லையாம்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கச்சேரிக்குப் போகிற பலருக்கு இது தெரிவதில்லை. மண்டபத்தை நிறைக்கிற பெரிய ஒலிபெருக்கிகள் மேடையில் நிற்பவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அவர் காலடியில், அவரை நோக்கிச் சாய்த்து வைத்திருக்கும் மானிட்டர்தான் அவருக்குக் காது. அது செத்துவிட்டால், சுற்றி வாத்தியங்கள் முழங்க, தன் குரல் என்று அவருக்குத் தெளிவாகக் கேட்பது பின்சுவரில் மோதித் திரும்பி வருவதுதான். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் 34 மீட்டர் தள்ளி இருந்தால் போய்த் திரும்ப 0.2 விநாடி ஆகும். வேகமான பாட்டில் அதற்குள் ஒரு எழுத்து முடிந்து அடுத்த எழுத்து வந்துவிடும். தன் பழைய எழுத்தைக் காதில் வாங்கிக்கொண்டு புது எழுத்தைப் பாட வேண்டும். தாளத்துக்குப் பின்னால் இழுபடாமல் யாரால் பாட முடியும்? காதைக் கையால் மூடினால் வெளிச்சத்தம் குறைந்து, தன் குரல் எலும்பு வழியாக உள்ளே கொஞ்சம் கேட்கும். அதற்காகத்தான் அந்தக் கை. அவருக்கு மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். அதைத்தான் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம். அன்றைய நிகழ்ச்சி மோசமாகப் போனதில் சவுண்டுக்காரருக்குப் பாதிப் பங்கு என்றால் மீதிப் பாதி மூன்றாவது வரிசைக்கு.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். 55,600 பேர். கிட்டாருக்கு 100 வாட் பெட்டிகள், குரலுக்கு மைதானத்தில் அறிவிப்பு செய்கிற ஒலிபெருக்கிகள். கூட்டத்தின் அலறலில் மேடையில் இருந்தவர்களுக்கே தாங்கள் பாடுவது கேட்கவில்லை. மற்றவர்களின் முதுகும் தலையும் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டில் எந்த இடம் என்று கண்டுபிடித்து டிரம் அடித்ததாக அவர்களில் ஒருவரான ரிங்கோ பிற்பாடு சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு இதைவிட மோசமான நிகழ்ச்சி இருக்க முடியுமா? ஆனால் போய் வந்தவர்கள் வாழ்நாள் முழுக்க அதைப் பெருமையாகச் சொன்னார்கள். பாடியவர்களுக்கு இருபது சொச்சம் வயது, அழகர்கள், உச்சத்தில் இருந்தார்கள். அதே கேட்காத காது, அதே தவறின தாளம், வயதான ஒருவரிடம் இருந்தால் போனை எடுக்கிறோம். இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை, எஸ்.

அப்படியானால் எதையும் மோசம் என்று சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் பீத்தோவன் தன் புதுப் படைப்புகளை வாசிக்க வைத்தார். கணப்பில்லாத அரங்கம், கடும் குளிர், போதாத ஒத்திகை, நான்கு மணி நேரம். கடைசி உருப்படியில் வாத்தியக்காரர்கள் தாறுமாறாகப் போக, நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். அங்கே இருந்த ரைஷார்ட் என்ற இசைக்காரர் அந்தக் குளிரையும் அவதியையும் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறார். மாலை ஆறரை முதல் பத்தரை வரை. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. மேடைக்குப் பக்கத்திலேயே இருந்த மாடத்தில், பீத்தோவனின் கண்முன்னால் உட்கார்ந்திருந்ததால் போக மனம் வரவில்லை. அந்தக் கூச்சம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஐந்தாம் சிம்பனி உலகத்தின் காதில் முதன்முதலாக விழுந்தது அந்த இரவில்தான். ரைஷார்ட் முழுக்க உட்கார்ந்து கேட்டார், பிறகு குறை சொன்னார். நீங்களும் அப்படிச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஏன், எழுந்து வந்ததைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை. பிடித்தமான ஒருவர் தடுமாறுவதைப் பார்க்க முடியாமல் வெளியே போவது மனித இயல்பு. பார்க்க முடியாதவர் எப்படி எஸ் அதைப் படம் பிடித்தீர்கள்?

கடிதத்தில் அதைப் போகிறபோக்கில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். உறுத்துகிறது என்கிறீர்கள், எது உறுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. 2011 ஜூன் 18 அன்று பெல்கிரேடில் ஏமி மேடையில் தள்ளாடினார், வரிகள் வரவில்லை, தன்னைத்தானே கைகளால் கட்டிக்கொண்டு நின்றார். கூட்டம் ஊளையிட்டது. மறுநாளுக்குள் அந்தத் துண்டுகள் உலகம் முழுக்கப் போய்விட்டன. 35 நாள் கழித்து அவர் இறந்துபோனார், வயது 27. மேடையில் நின்ற அந்த ஆளுக்கு உடம்பு முடியவில்லை, யாராவது கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக ஆயிரக்கணக்கான கைகள் போனைத் தூக்கின. நாங்கள் காதைப் பொத்தியது அந்த மண்டபத்தோடு போயிற்று. உங்கள் நாற்பது விநாடி அப்படிப் போகாது. உங்கள் குழுவிலிருந்து அடுத்த குழுவுக்குப் போயிருக்கும், அவருடைய பேரப்பிள்ளை இருக்கிற குழுவுக்கும் ஒருநாள் போய்ச் சேரும். நாற்பது வருடமாகப் பாடியவரைக் கேட்டதே இல்லாத ஒரு பையனுக்கு அவர் என்றால் அந்த நாற்பது விநாடிதான்.

கடுமையாக எழுதிவிட்டேன். பள்ளி நாட்களிலிருந்து ஒருவரைக் கேட்டு வளர்ந்த மனசு எனக்குத் தெரியும், அதனால்தான் கோபம் வருகிறது. முன்பின் தெரியாத ஆள் செய்திருந்தால் நான் பதிலே எழுதியிருக்க மாட்டேன். குழுவில் இருக்கிறவர்களிடம் அழிக்கச் சொல்லுங்கள். நண்பர்கள்தானே, கேட்பார்கள். நீங்களும் அழியுங்கள். ஆனால் அழிப்பதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, சத்தத்தைக் கூட்டி வைத்து, ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். பாட முடியாமல் அவர் மைக்கை உங்கள் பக்கம் நீட்டினாரே, கூட்டம் அந்த வரியைப் பாடியதா? நீங்கள் அதை எழுதவே இல்லை. கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.