காருக்கு அடியில் ஈரக் கறை

கேள்வி: இரவு நிறுத்திய காருக்கு அடியில் காலையில் ஈரக் கறை தெரிகிறது. என்ன ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இன்ஜினுக்கு அடியில் பெரிய வெள்ளை அட்டை ஒன்றை விரித்து, முன் சக்கரங்கள் இருக்கும் இடத்தை அதில் குறித்துவையுங்கள். காலையில் நிறத்தையும் இடத்தையும் பாருங்கள். மணமோ நிறமோ இல்லாத தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வடிந்தது, விட்டுவிடலாம். பச்சை அல்லது இளஞ்சிவப்பில், இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் மூன்றையும் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கூலன்ட் விஷம், குழந்தைகளும் நாய் பூனைகளும் நெருங்குமுன் கழுவிவிடுங்கள்.

பழுப்பு, கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். மேலே வால்வ் கவர் கேஸ்கெட்டில் (இன்ஜின் மேல்மூடியின் கசிவுத் தடுப்பில்) கசிந்த ஆயில் இன்ஜினின் வெளிப்புறம் வழியாக இறங்கி, அடியில் ஆயிலை வடிப்பதற்கான டிரெயின் போல்ட்டில் வந்து சொட்டும். போல்ட்டை மேலும் முறுக்கினால் ஆயில் பேனின் (அடியிலுள்ள ஆயில் தொட்டியின்) மரைதான் போகும். இன்ஜின் ஆறியபின் டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி) போட்டுத் துடைத்து, சிறிது தூரம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். புதிதாக ஈரம் தெரியும் மிக உயரமான இடமே கசிவின் மூலம். அண்மையில் ஆயில் மாற்றியிருந்தால், பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டிரெயின் போல்ட்டேதான் என்றால் புது வாஷர் போடுங்கள்.

சக்கரத்தின் உட்புறத்தில் வழுவழுப்பான இளமஞ்சள் திரவம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள்.